அணியின் பெயர் போதுமா?

"ஆண்டனியின் உரையில் அமைந்த அணி யாது?" "வஞ்சப் புகழ்ச்சி!" விடை சரி. மதிப்பெண் இரண்டு. மணி அடிக்கிறது. இதுவாம் இலக்கியப் பாடம்!

1599-இல் இலண்டனில் அரங்கேறிய 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைப் புரட்டுங்கள், தோழர்களே! சீசரைக் கொன்றதேன் என்று புரூட்டஸ் காரணம் கூறுகிறான், கூட்டம் வாழ்த்துகிறது. அடுத்து வருகிறான் ஆண்டனி. புரூட்டசைச் சான்றோனெனப் போற்றுகிறான். போற்றப் போற்ற, அச்சொல்லே வசையாகிறது! குருதி தோய்ந்த ஆடையைக் காட்டுகிறான். தலைக்கு 75 டிராக்மா என்று உயிலைப் படிக்கிறான். வாழ்த்திய கூட்டமே கொள்ளி ஏந்துகிறது.

வழியில் சின்னா என்னும் கவிஞன் சிக்குகிறான். சதிகாரருள் ஒருவன் பெயரும் சின்னா. தான் அவனல்லன் என்று கதறுகிறான் கவிஞன். கேட்பாரில்லை. பெயர் ஒன்றே குற்றம். கும்பல் அவனைக் கிழித்தெறிகிறது!

இத்தாலியிலும் ஜெர்மனியிலும் சர்வாதிகாரம் கொக்கரித்த 1937-இல், நியூயார்க்கில் ஆர்சன் வெல்ஸ் இந்நாடகத்தைப் பாசிச உடையில் மேடையேற்றினார். நாடகத்தின் உயிர் எங்கே என்று அவர் அறிந்திருந்தார். நம் வினாத்தாள் அறியவில்லை!

அணியின் பெயரைக் கற்பிக்க வேண்டாமென்று கூறவில்லை. அந்த அணி கூட்டத்தை என்ன செய்தது என்றும் கேளுங்கள் என்கிறோம். பெயரறிந்தவன் தேர்வில் வெல்வான்; செயலறிந்தவனே மேடையின் முன் ஏமாறாதிருப்பான்.

நாமும் சொல்லழகில் சொக்குபவர்கள்தாம். சாமியாரின் வாக்கை ஐயுறும் நாம், சொற்பொழிவாளரின் வாக்கையும் ஐயுற வேண்டாமா? கைதட்டுமுன் காரணம் கேள் — அதுவே பகுத்தறிவு!