நான்காவது கைத் தண்ணீர்

புது வருஷம் பிறந்ததும் எங்கள் வீட்டுக்கு எந்தப் புண்ணியவானாவது ஒரு டைரி கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். முதல் தேதியன்று அதில் மகத்தான தீர்மானங்கள் எழுதப்படும். ஐந்தாம் தேதிக்குள் பால் கணக்கும் சலவைக் கணக்கும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்படித் தீர்மானங்கள் மங்கிக் கணக்குகள் நிலைபெறுகிற சமயத்தில், ஜனவரி 6-ஆம் தேதி, கிறிஸ்தவ அன்பர்களுக்கு ஒரு திருநாள் வருகிறது. மூன்று இராஜாக்கள் திருநாள் என்று நம் ஊர்களில் சொல்வார்கள். கிரேக்க மொழியில் அதற்கு 'எபிபனி' என்று பெயர். வெளிப்படுதல், காட்சி தருதல் என்பது பொருள்.

கிழக்கிலிருந்து வந்த அவர்கள் மூவர் என்றோ, இராஜாக்கள் என்றோ மத்தேயுவின் சுவிசேஷம் சொல்லவில்லை. காணிக்கைகள் மூன்றாக இருந்ததால், கொண்டுவந்தவர்களும் மூவர் என்று பிற்காலத்தார் கணக்குப் போட்டுவிட்டார்கள். பழைய தமிழ் விவிலியம் அவர்களைச் 'சாஸ்திரிகள்' என்று அழைப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. நட்சத்திர சாஸ்திரம் கற்ற அப்பெரியவர்கள் முதலில் எங்கே போனார்கள்? தலைநகரான எருசலேமுக்குப் போய் விசாரித்தார்கள்; அந்த விசாரணை ஏரோது மன்னனின் அரண்மனைக்கு எட்டிற்று. அரசன் பிறந்தால் தலைநகரில்தானே பிறக்க வேண்டும்! படித்தவர்களுக்கு இயல்பாக வரும் தவறு அது. பிறகு ஒரு சிற்றூரில் ஒரு சாதாரண வீட்டில் தாயுடன் இருந்த குழந்தையைக் கண்டு வணங்கினார்கள். கீழ்த்திசைத் திருச்சபைகள் இதே திருநாளில் யோர்தான் நதியில் இயேசு ஸ்நானம் பெற்றதை நினைவுகூர்ந்து, தண்ணீரை ஆசீர்வதிக்கின்றன.

தண்ணீர் என்றதும் என் மனம் செவிலிமேட்டுக்குத் திரும்பிவிடுகிறது. நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஊர் இது. காஞ்சிக்குத் தெற்கே பாலாற்றுக்குப் போகும் வழியில் உள்ளது. இன்று காஞ்சி மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. இங்கே சாலைக் கிணறு என்று ஒரு கிணறு உண்டு. நமது 'எபிபனி' நடந்த இடம் அதுதான் என்று சொன்னால் நேயர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

1017-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுஜர், இளமையில் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் வாசித்தார். உபநிஷத வாக்கியங்களுக்குப் பொருள் கொள்வதில் குருவுக்கும் சீடருக்கும் ஒத்துவரவில்லை. வித்தை மிகுந்த குருவுக்கு, தம்மை மிஞ்சும் சீடனிடம் பொறாமை மூண்டது. காசி யாத்திரை என்று அழைத்துச்சென்று அவரைக் கங்கையில் தள்ளிவிடச் சதி நடந்ததாகக் குருபரம்பரை நூல்கள் கூறும். சிற்றன்னையின் மகனான கோவிந்தர் எச்சரிக்கவே, இராமாநுஜர் விந்தியக் காட்டில் தனியே விலகி ஓடினார். வழி தெரியாத அந்த வனத்தில் ஒரு வேடனும் அவன் மனைவியும் துணைக்கு வந்தார்கள். இரவு மூவரும் ஒரு மரத்தடியில் தங்கினார்கள். வேடுவச்சி தனக்குத் தாகம் என்றாள். இருட்டில் தண்ணீருக்கு எங்கே போவது? விடிந்ததும் இராமாநுஜர் அருகிலிருந்த கிணற்றில் இறங்கி, இரு கைகளிலும் நீரை ஏந்திவந்து கொடுத்தார். மூன்று முறை கொடுத்தும் அவள் தாகம் அடங்கவில்லை. நான்காம் முறை ஏறிவந்து பார்த்தால் இருவரையும் காணோம்! எதிரே தெரிந்ததோ வரதராஜப் பெருமாள் கோயிலின் புண்யகோடி விமானம். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தூரம் ஓர் இரவில் கழிந்திருந்தது. வந்தவர்கள் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே என்று அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று.

ஆண்டுதோறும் இராப்பத்து முடிந்த பின்பு பெருமாள் செவிலிமேட்டுக்கு எழுந்தருளும் அனுஷ்டான குள உற்சவம் இந்தக் காட்சியை நினைவூட்டுவதுதான். பெரும்பாலும் ஆங்கிலப் புது வருஷத்தை ஒட்டியே அது வருகிறது.

எனக்கு இந்த வரலாற்றில் தூரம் கடந்த அற்புதம் பெரிதாகப் படவில்லை. தெய்வம் கொடுக்கிறவனாக வராமல், தாகம் என்று கேட்கிறவளாக வந்ததே, அதுதான் என்னை நிறுத்திவைக்கிறது. இன்னார் என்று தெரிந்து கொடுத்திருந்தால் அது பூஜை. தெரியாமல் கொடுத்ததால் அது தண்ணீர். கேட்கிறபோது அடையாளம் தெரிவதில்லை என்பதற்கு நானே சாட்சி.

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு பையன், நெசவாளர் வீட்டுப் பிள்ளை, காலை முதல் பாடத்திலேயே தூங்கி விழுவான். கண்டித்தேன். ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் பரிகாசமும் செய்தேன். கும்பகர்ணன் கதை அதற்கு வசதியாக இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். டிசம்பரில் ஓர் இரவு அவர்கள் தெரு வழியாக வந்தபோது, தறிச் சத்தம் கேட்டு ஒரு வீட்டினுள் பார்த்தேன். கோர்வைச் சேலைக்கு ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்பவர் உடலை நெய்துகொண்டு போக, கரைக்கு நாடா விட மறுபக்கம் ஓர் ஆள் உட்கார வேண்டும். வழக்கமாக உட்காரும் தாயார் உள்ளே காய்ச்சலாகப் படுத்திருந்தார். அந்த இடத்தில் பையன் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். "உட்காரப்பா" என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

அதன் பிறகு மத்தியான இடைவேளையில் அவனை உட்காரவைத்து, விட்டுப்போன கணக்குகளைப் போட்டுக் காட்டிவருகிறேன். அரை மணி நேரம். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. என்னுடைய பகல் தூக்கம் போயிற்று, அவ்வளவுதான்.

இந்த உற்சவத்திற்கு முதல் நாள் வகுப்பில் சாலைக் கிணற்றுக் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் விந்தியமலையைப் பற்றியும் வேடன் வைத்திருந்த வில்லைப் பற்றியும் கேட்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து அவன் மெதுவாக எழுந்தான்.

"அப்படின்னா அந்த அம்மாவுக்குத் தாகம் தீரவே இல்லையா, சார்?"

நாற்பது வயதுக்கு மேலாகிறது. எத்தனையோ முறை இந்தக் கதையைக் கேட்டும் சொல்லியும் இருக்கிறேன். நான்காவது கைத் தண்ணீர் என்ன ஆயிற்று என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. சற்று யோசித்துவிட்டு, கதையில் நான் சொல்லாமல் விட்ட பகுதியைச் சொன்னேன். காஞ்சிக்குத் திரும்பிய இராமாநுஜர், திருக்கச்சி நம்பியிடம் போய், இனி என்ன செய்வது என்று கேட்டார். அந்தக் கிணற்றிலிருந்தே நாள்தோறும் ஒரு குடம் நீர் பெருமாளுக்குக் கொண்டுபோகும்படி நம்பி சொன்னார். அப்படியே இராமாநுஜர் தினமும் சுமந்தார்.

"தினமுமா, சார்?" என்றான்.

"தினமும்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.