எண்ணெய் இறங்கினால் வேலை போகும் ஊர்

எண்ணெய் விலை ஏறினால் வேலை போகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா சந்தித்த மந்தநிலைகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் விலையேற்றம் வந்திருந்ததை 1983-இல் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் எடுத்துக்காட்டினார். மதுரை கோரிப்பாளையத்துக்கு அந்தக் கணக்கு பாதிதான் பொருந்தும். இங்கே விலை இறங்கினாலும் வேலை போகும்.

2014 ஜூனில் பீப்பாய்க்கு 115 டாலரைத் தொட்ட பிரென்ட் கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 28 டாலருக்கும் கீழே போனது. தர்கா பக்கம் சவாரிக்குக் காத்திருந்த ஆட்டோக்காரருக்கு அதில் கிடைத்தது சொற்பம். இடையில் மத்திய அரசு கலால் வரியை ஒன்பது முறை உயர்த்தி, லாபத்தின் பெரும்பங்கைத் தானே எடுத்துக்கொண்டது. நஷ்டம் மட்டும் சவூதியின் ரியாத், ஜெத்தாவில் வேலை பார்த்த நம் ஆட்கள் வழியாகத் தென்மாவட்டங்களுக்கு வந்தது.

அது வந்த விதம் கொடுமையானது. வருமானம் சரிந்ததும் சவூதி அரசு கட்டுமான நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தைத் தள்ளிப்போட்டது. நிறுவனங்கள் சம்பளத்தை நிறுத்தின; இக்காமா எனும் வசிப்பு அனுமதியையும் புதுப்பிக்கவில்லை. அன்றைய விதிப்படி, இக்காமா காலாவதியானவர் வேறு வேலைக்குப் போக முடியவில்லை. கபில் எனும் பொறுப்பாளர்-முதலாளியின் கையெழுத்தில்லாமல் ஊருக்கும் திரும்ப முடியவில்லை. 2016 ஜூலையில் ஜெத்தாவில் ‘சவூதி ஓகர்’ நிறுவன முகாம்களில் இந்தியத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். துணைத் தூதரகம் உணவுப்பொருள் கொண்டுபோய்க் கொடுத்தது. மறு ஆண்டு அந்த நிறுவனமே மூடப்பட்டது. சம்பள பாக்கியை விட்டுவிட்டு ‘எக்சிட்’ எனும் வெளியேறும் அனுமதி வாங்கி வந்தவர்கள் ஏராளம். ஏஜெண்டுக்குக் கொடுக்க அடகு வைத்த நகையின் வட்டி மட்டும் நிற்கவில்லை.

குடிபெயர்வு அனுமதி பெற்று சவூதி போன இந்தியர்கள் 2015-இல் 3 லட்சத்துக்கும் மேல். 2017-இல் 80 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. வேலைகளைச் சவூதிக் குடிமக்களுக்கே ஒதுக்கும் சவூதிமயமாக்கலுக்கும் இதில் பங்குண்டு என்றாலும், முதல் அடி எண்ணெயுடையது.

இத்தனை பெரிய வேலையிழப்பு நம் வேலையின்மை விகிதத்தில் தெரியாததுதான் விந்தை. தொழிலாளர் கணக்கெடுப்பு, வீட்டில் வழக்கமாக வசிப்பவர்களையே எண்ணுகிறது. ரியாத்தில் வேலை போனவர் அங்கே இருக்கும்வரை கணக்கில் இல்லை. திரும்பி வந்து, கிடைத்த ஆட்டோவை வாடகைக்கு ஓட்டினால் ‘வேலையில் இருப்பவர்’ ஆகிவிடுகிறார்!

கேரளம் 1996-லேயே வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கென ‘நோர்க்கா’ என்ற தனித் துறையைத் தொடங்கியது. திரும்பியவர்கள் தொழில் தொடங்க மூலதன மானியமும் தருகிறது. தமிழ்நாடு முதலில் ஆட்களை எண்ணட்டும். வளைகுடாவில் வேலை இழந்து திரும்பியவர் வீட்டில் உண்டா என்ற ஒரு கேள்வியை அடுத்த கணக்கெடுப்பிலாவது சேர்க்க வேண்டும்.