தேர்தல் தேதியும் தேசியக் கொடியும்

குளிர்கால ஒலிம்பிக்கில் இந்திய அணி என்பது பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர். இந்தச் சிறுமையை நம் ஊடகங்கள் 'தனியொருவரின் சாதனை' என்று கொண்டாடிவிடுகின்றன; கொண்டாட்டத்தில் நிறுவனத்தின் பொறுப்பு மறைந்துபோகிறது.

2014 சோச்சி இதற்குத் தெளிவான சான்று. குற்றப்பத்திரிகைக்கு உள்ளானோரைப் பொறுப்புகளில் அமர்த்தும் பிடிவாதத்தால் இந்திய ஒலிம்பிக் சங்கம் 2012 டிசம்பர் முதல் இடைநீக்கத்தில் இருந்தது. நிபந்தனைகளை ஏற்றபின் மறுதேர்தலுக்கு அது தேர்ந்த நாள் பிப்ரவரி 9. தொடக்க விழாவோ பிப்ரவரி 7! சிவ கேசவன், ஹிமான்ஷு தாக்கூர், நதீம் இக்பால் ஆகிய மூவரும் ஒலிம்பிக் கொடியின் பின்னே நடந்தனர். கேசவனின் லூஜ் போட்டி அதே 9ஆம் தேதி முடிந்தது. தடை நீங்கியது 11ஆம் தேதி. மற்ற இருவருக்குத் தேசியக் கொடி கிடைத்தது, 1998 முதல் ஒவ்வொரு குளிர்கால ஒலிம்பிக்கிலும் போட்டியிட்டு வந்தவருக்குக் கிடைக்கவில்லை. லூஜ் பனித்தடம் இல்லாத நாட்டில், சறுக்குவண்டிக்குச் சக்கரம் பூட்டி இமயமலைச் சாலைகளில் பயின்றவர் அவர்.

பனி இல்லை, பணம் இல்லை என்பன வழக்கமான சமாதானங்கள். தேர்தலைச் சில வாரங்கள் முன்னதாக நடத்த இவ்விரண்டும் தேவைப்பட்டிருக்காது. 2022 பெய்ஜிங்கில் ஆரிஃப் கான் ஒருவரே இந்திய அணி. அப்போதும் எழுதப்பட்டவை அவருடைய மன உறுதியைப் பற்றியே. அணி ஏன் ஒருவரோடு நின்றது என்று கேட்டவர் சிலரே.