கடைசி இடத்துக்காரர் கையில் வெற்றி மாலை!

அமெரிக்காவில் ஒரு விசித்திரமான விளையாட்டு இருக்கிறது.

அதை ஆடுகிறவர்கள் மைதானத்தில் இறங்குவது இல்லை. மட்டையைத் தொடுவது இல்லை. ஓடுவதும் இல்லை. காலையில் எழுந்ததும் முந்தின நாள் ஆட்டக் கணக்கைப் பார்க்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள்!

இந்த விளையாட்டின் பெயர் "கற்பனை பேஸ்பால்".

ஆட்டம்தான் கற்பனை. அதனால் வரும் மனத்தாங்கல் கற்பனை அல்ல. பல ஆண்டு பழகிய நண்பர்கள்கூட இதனால் முகத்தைத் திருப்பிக்கொள்வது உண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் ஒன்றுதான். அது "ஆள் மாற்று". அதாவது, "என் ஆளை உனக்குத் தருகிறேன், உன் ஆளை எனக்குக் கொடு" என்ற பேரம்.

எந்த மாற்று நியாயம்? எது அநியாயம்? அதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்?

ஓட்டலில் பிறந்த ஆட்டம்

பேஸ்பால், கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. ஒருவர் பந்து வீசுவார். ஒருவர் மட்டையால் அடிப்பார். அடித்தவர் மூன்று முகாம்களைத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ஓட்டம். பந்தை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டால் அது "ஹோம் ரன்". பந்து வீசும் சமயம் பார்த்து அடுத்த முகாமுக்கு ஓடிப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அதற்கு "திருட்டு" என்றே பெயர்! ஆனால், அது குற்றம் அல்ல, சாமர்த்தியம்.

டேனியல் ஓக்ரென்ட் என்பவர் ஒரு எழுத்தாளர். 1979-ம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் விமானத்தில் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போனார். போகும்போது ஒரு புதிய ஆட்டத்துக்கு விதிகளை எழுதினார். அதை நண்பர்களிடம் காட்டினார். 1980-ம் ஆண்டு அவர்கள் ஆடத் தொடங்கினார்கள்.

அந்த நண்பர்கள் நியூயார்க் நகரில் "லா ரொட்டிசெரி பிரான்சேஸ்" என்ற ஓட்டலில் கூடிச் சாப்பிடுவது வழக்கம். அதனால் ஆட்டத்துக்கு "ரொட்டிசெரி" என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மறு ஆண்டு, 1981-ல், உண்மையான பேஸ்பால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் ஆட்டமே இல்லை. விளையாட்டு நிருபர்களுக்கு எழுத விஷயம் இல்லை. அவர்களில் சிலர் இந்தப் புதிய ஆட்டத்தைப் பற்றி எழுதினார்கள். அது ஊர் ஊராகப் பரவியது.

ஒரு வேடிக்கை: ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஓக்ரென்ட், தம்முடைய லீக்கில் ஒரு தடவைகூட முதல் இடம் பெறவில்லை!

ஆடுவது எப்படி?

பத்து நண்பர்கள் சேர்ந்து ஒரு லீக் அமைப்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு கற்பனை அணிக்குச் சொந்தக்காரர். ஆட்டக் காலம் தொடங்கும் முன்பு ஏலம் நடக்கும். உண்மையான பேஸ்பால் ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்க வேண்டும். 260 டாலர் கணக்கில் 23 பேரை எடுப்பது பழைய வழக்கம்.

ஆட்டக் காலம் சுமார் ஆறு மாதம். ஏலத்தில் எடுத்த ஆட்டக்காரர் உண்மை மைதானத்தில் ஹோம் ரன் அடித்தால், கற்பனை அணியின் கணக்கிலும் ஒரு ஹோம் ரன் ஏறும். அவர் காலில் அடிபட்டுப் படுத்தால், கற்பனை அணிக்கும் நஷ்டம்தான்.

பழைய முறைப்படி எட்டு இனங்களில் கணக்குப் பார்ப்பார்கள். மட்டையடிக்கு நான்கு, பந்து வீச்சுக்கு நான்கு. ஒவ்வோர் இனத்திலும் முதலில் நிற்கும் அணிக்கு 10 புள்ளி. அடுத்த அணிக்கு 9. கடைசி அணிக்கு 1. எட்டு இனப் புள்ளிகளையும் கூட்டினால் பட்டியல் வரும்.

இந்தக் கணக்கில்தான் ரகசியம் இருக்கிறது.

பல் டாக்டரும் பள்ளி ஆசிரியரும்

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்.

ஒரு லீக்கில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். ஆகஸ்டு மாதம். அவர் அணி ஹோம் ரன்னில் முதல் இடம்: 190. இரண்டாவது அணிக்கு 160. இனி அவர் அணி எத்தனை ஹோம் ரன் அடித்தாலும் அதே 10 புள்ளிதான். ஒன்றுகூட ஏறாது.

ஆனால், "திருட்டு" இனத்தில் அவர் ஏழாவது இடம். அவருக்கு 84. அவருக்கு மேலே இருக்கும் மூன்று அணிகளுக்கு 86, 88, 90. இன்னும் ஏழு திருட்டு அதிகமாகக் கிடைத்தால், மூன்று பேரையும் தாண்டலாம். மூன்று புள்ளி லாபம்!

அதே லீக்கில் ஒரு பள்ளி ஆசிரியர். அவரிடம் வேகமாக ஓடுகிறவர்கள் நிறைய. பலமாக அடிக்கிறவர்கள் இல்லை.

டாக்டர் ஒரு அடிக்காரரைக் கொடுக்கிறார். ஆசிரியர் ஒரு ஓட்டக்காரரைக் கொடுக்கிறார். டாக்டரும் ஏறுகிறார், ஆசிரியரும் ஏறுகிறார். இரண்டு பேருக்கும் லாபம்.

அப்படியானால் நஷ்டம் யாருக்கு? அவர்கள் தாண்டிப் போன மற்றவர்களுக்கு! அந்த மற்றவர்கள்தான் "அநியாயம்" என்று கூச்சல் போடுகிறார்கள்.

ஓட்டுப் போட்டு ரத்து

பல லீக்குகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் மாற்று நடந்தால், மற்ற சொந்தக்காரர்கள் ஓட்டுப் போட்டு அதை ரத்து செய்யலாம்.

கேட்பதற்கு இது ஜனநாயகம் போல இருக்கிறது. உண்மையில் இது, பரீட்சை எழுதும் மாணவன் பக்கத்து மாணவனின் தாளைத் திருத்துவது போல! போட்டியில் இருக்கிறவரே நீதிபதியாக இருந்தால் நியாயம் எப்படிக் கிடைக்கும்? "எனக்குக் கெடுதல், ஆகவே இது தவறு" என்றுதான் அவர் மனம் சொல்லும்.

"அனுபவசாலி ஒருவர், விவரம் தெரியாத ஒருவரை ஏமாற்றினால் என்ன செய்வது?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால், எது ஏமாற்று என்று அன்றைக்கே சொல்ல யாரால் முடியும்?

1964-ம் ஆண்டு ஜூன் 15-ந்தேதி நடந்ததைப் பாருங்கள். இது கற்பனை அல்ல. உண்மைப் பேஸ்பாலில் நடந்தது. சிக்காகோ கப்ஸ் அணியும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியும் ஆள் மாற்றிக்கொண்டன. கப்ஸ் அணி, லூ பிராக் என்ற 24 வயது இளைஞரைக் கொடுத்தது. எர்னி புரோலியோ என்ற பந்து வீச்சாளரை வாங்கியது. முந்தின ஆண்டு 18 ஆட்டங்களை வென்றவர் புரோலியோ. பிராக் அப்போது பெரிய பெயர் எடுக்கவில்லை. கப்ஸ் அணிக்குத்தான் கொள்ளை லாபம் என்று பலர் சொன்னார்கள்.

நடந்தது என்ன? புரோலியோ, கப்ஸ் அணிக்காக மொத்தம் ஏழே ஆட்டங்கள் வென்றார். அவர் கை பழுதாகியிருந்தது. பிராக் வந்த அதே ஆண்டு கார்டினல்ஸ் அணி உலகத் தொடரை வென்றது. 1974-ல் பிராக் ஒரே ஆண்டில் 118 திருட்டு செய்தார். வாழ்நாளில் 938!

அன்று ஓட்டெடுப்பு நடந்திருந்தால், கப்ஸ் அணி ஏமாற்றுகிறது என்று ரத்து செய்திருப்பார்கள்!

கடைசி இடத்தின் பலம்

இன்னொரு வகை மாற்று உண்டு. அதிகச் சண்டை வருவது இதனால்தான்.

சில லீக்குகளில், சில ஆட்டக்காரர்களை அடுத்த ஆண்டுக்கும் பழைய விலைக்கே வைத்துக்கொள்ளலாம். ஆகவே, கடைசி இடத்தில் இருக்கிறவர் யோசிக்கிறார்: "இந்த ஆண்டு எனக்கு வழி இல்லை. விலை உயர்ந்த வீரரைக் கொடுத்துவிட்டு, மலிவான இளைஞரை வாங்கலாம். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்."

அவர் யாரிடம் கொடுக்கிறாரோ, அவர் ஜெயிக்கிறார். ஆறு மாதம் கண் விழித்துக் கணக்குப் பார்த்தவர் இரண்டாம் இடத்தில் நிற்கிறார். வெற்றி மாலை யாருக்கு என்று தீர்மானித்தவர் யார்? கடைசி இடத்துக்காரர்!

இது தவறா? தவறு என்று சொல்லிவிட முடியாது. உண்மைப் பேஸ்பாலிலும் இதுதான் நடக்கிறது.

1987-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந்தேதி, பின்தங்கிக் கிடந்த அட்லாண்டா பிரேவ்ஸ் அணி, டாயில் அலெக்சாண்டர் என்ற 36 வயதுப் பந்து வீச்சாளரை டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்குக் கொடுத்தது. அவர் அங்கே ஒன்பது ஆட்டங்கள் வென்றார். ஒன்றில்கூடத் தோற்கவில்லை. டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. பதிலுக்கு அட்லாண்டா வாங்கியது, ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயது இளைஞரை. அவர் பின்னால் 213 ஆட்டங்கள் வென்றார். 2015-ல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்.

ஒருவருக்கு இன்று லாபம். இன்னொருவருக்கு நாளை லாபம். இரண்டு பேரும் தங்கள் தங்கள் அணிக்காகவே செய்தார்கள். ஆகவே அது நேர்மையான மாற்று.

ஒரே கேள்வி போதும்

நியாயத்தைப் பார்க்க ஒரே கேள்வி போதும். "இரண்டு பேரும் தங்கள் அணியின் நன்மைக்காகச் செய்தார்களா?"

ஆம் என்றால், அது முட்டாள்தனமான மாற்றாக இருந்தாலும் நிற்க வேண்டும். முட்டாள்தனம் குற்றம் அல்ல.

இல்லை என்றால், ரத்து செய்ய வேண்டும். மைத்துனர் ஜெயிக்கட்டும் என்று கொடுப்பது, பரிசுப் பணத்தில் பங்கு பேசிக்கொண்டு கொடுப்பது, ஒருவர் மேல் உள்ள கோபத்தில் இன்னொருவருக்கு அள்ளிக் கொடுப்பது — இவை எல்லாம் மோசடி. மற்ற எட்டுப் பேரின் உழைப்பை இரண்டு பேர் சேர்ந்து திருடுவது.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர், அந்த லீக்கில் அணி இல்லாத ஒருவர். இதற்கும் உண்மைப் பேஸ்பாலில் ஒரு முன்மாதிரி உண்டு.

1976-ம் ஆண்டு ஜூன் 15-ந்தேதி, ஓக்லாந்து அணியின் சொந்தக்காரர் சார்லி பின்லி, தம் மூன்று பெரிய ஆட்டக்காரர்களைப் பணத்துக்கு விற்றார். ஜோ ரூடி, ராலி பிங்கர்ஸ் இருவரும் பாஸ்டன் அணிக்குத் தலைக்கு 10 லட்சம் டாலர். வைடா புளூ, நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு 15 லட்சம் டாலர். பேஸ்பால் கமிஷனர் போவி கூன் இரண்டு தரப்பையும் அழைத்து விசாரித்தார். மூன்றாம் நாள் விற்பனையை ரத்து செய்தார். பின்லி கோர்ட்டுக்குப் போனார். தோற்றார்.

கூன் செய்தது சரியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அந்த ஆண்டு முடிந்ததும் ரூடியும் பிங்கர்சும் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். பின்லிக்குக் காசும் இல்லை, ஆளும் இல்லை! ஆனாலும், கூனுக்குச் சொந்த அணி கிடையாது. அவர் எல்லோரையும் விசாரித்துக் காரணம் சொன்னார். போட்டிக்காரர்கள் பொறாமையில் போட்ட ஓட்டு அல்ல அது.

என்ன செய்யலாம்?

ஏலத்துக்கு முன்பே விதிகளை எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆள் மாற்றுக்குக் கடைசி நாள் குறிக்க வேண்டும். நடுவர் யார் என்றும் அன்றே சொல்லிவிட வேண்டும். சண்டை வந்த பிறகு எழுதும் விதி, விதி அல்ல.

அடுத்தது, பின்தங்கியவருக்கும் ஆட்டத்தில் ஆசை இருக்க வேண்டும். சில லீக்குகளில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. பரிசு பெறாதவர்களில் முன்னால் நிற்பவருக்கு, அடுத்த ஆண்டு முதல் தேர்வு உரிமை. இதனால் கடைசி இடத்துக்காரரும் கடைசி நாள்வரை போராடுவார்.

மிக முக்கியமானது, ஒவ்வொரு சொந்தக்காரரின் கடமை. தோற்றுப்போனவர் அணியைக் கவனிக்காமல் விட்டால், காயம்பட்டவர்கள் அணியிலேயே கிடப்பார்கள். அந்த அணியின் கணக்கு அப்படியே நிற்கும். அதைப் பக்கத்தில் இருப்பவர்கள் சும்மா தாண்டிப் போவார்கள். அந்தப் புள்ளி, உழைத்துப் பெற்ற புள்ளி அல்ல. ஒருவர் தூங்கினால் பத்துப் பேரின் பட்டியலும் பொய்யாகிவிடும்!

ஆட்டக் காலம் செப்டம்பர் கடைசியோடு முடிகிறது. பரிசுப் பணம் செலவாகிவிடும். அடுத்த வசந்தத்தில் அதே பத்துப் பேரும் அதே மேஜையைச் சுற்றி ஏலத்துக்கு உட்கார வேண்டும்.

ஒரு நாற்காலியும் காலியாகாமல் பார்த்துக்கொள்கிறவரே நல்ல ஆட்டக்காரர். அவர் கடைசி இடத்தில் இருந்தாலும் சரி!