கனி காத்தல்

உழவர் கனிகளை விளைவிக்கின்றனர். வணிகர் அவற்றை ஊர்தொறும் கொண்டு சேர்க்கின்றனர். அவற்றைக் கெடாமற் காக்கும் பொறுப்பு முடிவில் வீட்டாரை வந்தடைகின்றது. முன்னைய இரண்டும் கற்றற்குரிய தொழில்களென மதிக்கப்பெற, மூன்றாவது மட்டும் ஒருவரும் கற்கவேண்டாத சிறு செயலென எண்ணப்பெறுகின்றது. இவ்வெண்ணம் பிழையுடையதென்பதும், கொங்குநாட்டில் வாழ்வார்க்கு இப்பிழை பெருங்கேடு பயப்பதென்பதும் இக்கட்டுரையால் யாம் வற்புறுத்த விரும்புவன.

கொங்குநாடு மழைவளம் மிக்க நாடன்று. மேற்குமலைத் தொடர் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தன் மேற்புறத்தே வாங்கிக்கொள்ள, எஞ்சிய சிறு தூறலே கோவைக்கும் பல்லடத்திற்கும் அவிநாசிக்கும் வாய்க்கின்றது. பவானி, நொய்யல், அமராவதி முதலிய ஆறுகளின் பாசனம் எட்டாத நிலங்களிற் கிணறே உழவர்க்குத் துணை. முற்காலத்தே கவலை பூட்டி எருதுகளைக் கொண்டு இறைத்த நீரை, இன்று ஆழ்துளையிட்டு மின்பொறியால் இறைக்கின்றனர். வாழையோ நீரை மிக வேண்டுவது. நட்ட நாள்முதல் தார் வெட்டும் நாள்வரை ஏறத்தாழ ஓராண்டு அதற்குக் குறைவின்றி நீர் பாய்ச்சுதல் வேண்டும். ஆதலின், மேட்டுப்பாளையத்தில் வாங்கிவந்த நேந்திரஞ்சீப்பு ஒன்று நம் வீட்டு மூலையில் அழுகுமாயின், அதனோடு அதற்கென இறைத்த கிணற்றுநீரும் அழிந்ததென்றே கொள்ளல் வேண்டும்.

இக்கேட்டிற்கு மருந்தாகப் பலர் குளிர்ப்பெட்டியைக் காட்டுவர். வாங்கிய கனிகள் அனைத்தையும் அதனுள் அடுக்கிக் கதவை மூடிவிட்டாற் கடமை முடிந்ததென்பது அவர்தம் துணிபு. குளிர்ப்பெட்டியை யாம் இகழ்வோமல்லோம். குளிர்நாட்டுக் கனிகளாகிய ஆப்பிளுக்கும் பேரிக்கும் அது மிகவும் ஏற்றதே. ஆயின் நம் நாட்டுக் கனிகளிற் பல வெப்பத்திலே பிறந்து வெப்பத்திலே பழகியவை. வாழை ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசுக்குக் குறைந்த குளிரைப் பொறுக்கமாட்டாது. வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உட்புறமோ 4 டிகிரி அளவினது. அதனுட் புகுந்த வாழையின் தோல் விரைவிற் கறுக்கின்றது. பழுக்காத மாங்காயை அதனுள் வைத்துப் பின்னர் வெளியே எடுப்பின், அது மணமும் சுவையும் நிரம்பப் பெறுவதில்லை.

இதன் காரணத்தை அறிய, கனியின் இயல்பைச் சிறிது ஆராய்தல் வேண்டும். கொம்பினின்று பறித்த பின்னும் கனி உயிரோடிருக்கின்றது. காற்றை உட்கொண்டு உயிர்க்கின்றது. தன்பாற் சேமித்த இனிமையைச் சிறிது சிறிதாகச் செலவிடுகின்றது. உயிர்ப்பு விரையின் முதுமையும் விரையும். பழுக்கும் ஆப்பிள் எத்திலீன் என்னும் வாயுவைத் தானே வெளியிடுகின்றதென்று 1934-இல் ரிச்சர்டு கேன் என்னும் ஆங்கில நாட்டு ஆராய்ச்சியாளர் மெய்ப்பித்தார். அவ்வாயு அருகிலுள்ள காய்களையும் பழுக்கத் தூண்டும். அரிசிப் பானையுள் மாங்காயைப் புதைத்துவைத்த நம் பாட்டியர் அவ்வாயுவின் பெயரை அறியார். அதனை அடைத்துவைத்தலால் வரும் பயனை நன்கறிந்திருந்தனர்.

இவ்வுண்மையைக் கொண்டு நோக்கின் கனிகள் இருவகைப்படும். வாழை, மா, பலா, கொய்யா, சப்போட்டா, பப்பாளி என்பன பறித்த பின்னும் பழுப்பவை. திராட்சை, மாதுளை, ஆரஞ்சு, எலுமிச்சை, அன்னாசி என்பன பறித்த பின் பழுக்கமாட்டாதவை. முதல் வகையைப் பழுக்கும்வரை காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தல் வேண்டும். அவற்றுள் மா, சப்போட்டா போல்வன பழுத்தபின் ஓரிரு நாள் குளிரில் இருக்கலாம். இரண்டாம் வகையிற் பலவற்றை வாங்கிய அன்றே குளிரில் வைத்தல் நன்று.

வாழைத்தாரைத் தரையிற் கிடத்தாது கயிற்றிற் கட்டித் தொங்கவிடுதல் நம் வீடுகளின் பழைய வழக்கம். அதனால் நசுங்கலும் இல்லை. காற்றும் எப்புறமும் படும். மேற்சீப்பே முதலிற் பழுக்குமாதலின் அதனை முதலில் எடுத்துண்ணல் முறை. தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பன்னீர்த் திராட்சையின்மேற் படிந்துள்ள வெண்பொடியை அழுக்கென்று கருதி வந்தவுடன் கழுவிவிடுவார் பலர். அஃது ஈரம் வற்றாமற் காக்க இயற்கை அளித்த மெழுகு. உண்ணும் பொழுதிற் கழுவுதலே தக்கது. அடிபட்ட கனி ஒன்றிருப்பின் அதனை உடனே பிரித்தெடுத்தல் வேண்டும். அதன் அழுகல் அயலிலுள்ளவற்றையும் பற்றும்.

குளிர்ப்பெட்டி இல்லாதார் வருந்தவேண்டுவதில்லை. பெரும்பானை ஒன்றினுட் சிறுபானை ஒன்றை வைத்து, இடையே மணல் நிரப்பி, அம்மணலை நாடோறும் நனைத்து, வாயை ஈரத்துணியால் மூடிவைப்பின், ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கவர்ந்து செல்ல உட்பானை குளிர்கின்றது. இக்கொள்கையைக் கொண்டே தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தார், செங்கலால் இரட்டைச் சுவர் எழுப்பி இடையில் மணலிட்டு, மின்சாரம் வேண்டாத குளிரறை ஒன்றை 1980-களில் வகுத்தனர். ஈரக்காற்று மிக்க கடற்கரை ஊர்களில் இம்முறை அத்துணைப் பயன் தராது. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று ஓயாது வீசும் கோவை நாட்டிற்கோ, சிறப்பாக வறண்ட வேனிற்காலத்தில், இது மிகப் பொருந்துவது. வாழைக்கு ஒவ்வாத கடுங்குளிரும் இதில் இல்லை.

அறிஞரும் இத்துறையில் வாளாவிருந்திலர். 1971-இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த கோவை வேளாண்கல்லூரியின் ஆராய்ச்சியாளர், கனடா நாட்டுக் குயெல்ப் பல்கலைக்கழகத்தாரோடும் இலங்கையாரோடும் கூடி, செடிகொடிகளில் இயல்பாகத் தோன்றும் ஹெக்சனால் என்னும் பொருளைக் கொண்டு, மா முதலிய கனிகள் விரைந்து முதிராவண்ணம் காக்கும் வழிகளை ஆராய்ந்தனர். ஆயினும் தோட்டத்திற் பெற்ற இவ்வெற்றி அடுக்களையில் தோற்குமாயின் யாது பயன்?

"பழம் மலிவாகக் கிடைக்கின்றது, கெட்டால் வேறு வாங்குவோம், இத்துணைக் கவலை எற்றுக்கு?" என்று வினவுவார் உளர். மலிவென்பது சந்தையின் நிலையை மட்டுமே உணர்த்தும். விலை வீழ்ந்த நாளிலும் உழவர் இறைத்த நீர் குறைந்ததன்று. நிலத்தடி நீரும் அவ்விலையைப் பார்த்து ஊறுவதன்று. காசு கொடுத்தமையாற் கனியை உண்ணும் உரிமை நமக்கு உண்டு. அதனை வீணாக்கும் உரிமையையும் அக்காசு தந்ததென்று கூறுதல் எமக்கு உடன்பாடன்று.

ஆதலின் மாணவ நண்பர்காள், விடுதியிலும் வீட்டிலும் வேண்டிய அளவே வாங்குவோமாக. வாங்கியதன் இயல்பறிந்து இடமறிந்து வைப்போமாக. எத்துணைக் காப்பினும் கனிக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை அணுகும் முன்னரே மிகுந்ததை அயலார்க்கும் ஏழையர்க்கும் ஈந்துவிடுதல் வேண்டும். வாழ்நாளை நீட்டிக்கும் நெல்லிக்கனியைத் தனக்கென வையாது ஔவைக்கு ஈந்த அதியமானின் தகடூர் நமக்கு அயலதே. அவன் ஈந்தது கிடைத்தற்கரிய கனி. நாம் ஈய வேண்டுவதோ நாளை அழுகப்போகும் நாலு பழம். இதற்கும் மனம் வராதாயின் நாம் கற்ற தமிழால் ஆய பயன் யாது?