கோடு ஒன்று, பாதை பல



வரைபடத்தில் ஒரு கோட்டைக் கண்டதும் அது பாதை என்று நம்பிவிடுகிறோம். எப்படிப்பட்ட பாதை என்று கேட்பவர் எத்தனை பேர்?

பிரித்தானியாவின் மிக உயர்ந்த மலை, ஸ்கொட்லாந்திலுள்ள பென் நெவிஸ். உயரம் 1,345 மீற்றர். கூகுள் வரைபடம் அதற்குக் காட்டிய ஒரு வழி உயிரையே பறிக்கக்கூடியது என 2021 ஆம் ஆண்டு அங்குள்ள மலையேற்ற அமைப்பு எச்சரித்தது. தேர்ந்தவர்களுக்கும் ஆபத்தான சரிவின் மேல் அந்தக் கோடு சென்றது.

அது ஒரு நிறுவனத்தின் வரைபடம். பொதுமக்களே கூடி வரையும் வரைபடமும் உண்டு. 2004 இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓபன் ஸ்ட்ரீட் மெப்' அத்தகையது. அதில் யாரும் ஒரு பாதையைச் சேர்க்கலாம். ஆகவே, பொறுப்பும் வரைபவருடையதே.

சேர்ப்பவர் பாதையின் வகையையும் குறிக்க வேண்டும். நடப்போருக்கென்றே அமைந்தது 'புட்வே'. படிக்கட்டு 'ஸ்டெப்ஸ்'. உழவு இயந்திரம் செல்லும் வயல்வழி 'ட்ரெக்'. 2008 இல் வந்த 'பாத்' என்பதோ பொதுப்பெயர். பூங்காவில் சைக்கிளும் மனிதரும் சேர்ந்து செல்லும் அகன்ற வழியும் 'பாத்'. பாறையைப் பிடித்து ஏறும் தடமும் 'பாத்'! எதை எப்படி அழைப்பது என்ற வாதம் இதனாலேயே நீண்டது.

பெயரோடு நின்றுவிட்டால் குறை தீராது. தரை சீமெந்தா, மண்ணா? அகலம் எவ்வளவு? சக்கர நாற்காலி செல்லுமா? இவற்றையும் எழுத அங்கே இடமுண்டு. மலைவழிக்கு, சுவிற்சர்லாந்தின் அல்பைன் கழகம் வகுத்த ஆறு தரங்களைப் பின்பற்றிய அளவுகோலும் இருக்கிறது. முதல் தரத்தில் எவரும் நடக்கலாம். மேல் தரங்களில் கையையும் ஊன்றி ஏற வேண்டும்.

இவை சின்ன விடயங்களா? சக்கர நாற்காலியில் வருபவருக்கு நான்கு படிகள் ஒரு மதில். கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிவரும் தாய்க்குச் சேற்றுவழி பாதையே அல்ல. எழுதப்படாத ஒரு சொல்லால் அவர்கள் பாதிவழியில் திரும்ப நேரிடும்.

எனவே வாசகர்களே, உங்கள் ஊர்ப் பாதையை வரைபடத்தில் சேர்க்க விரும்பினால் முதலில் அதில் நடந்து பாருங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். உங்கள் கால் அறிந்ததை நம்பித்தான், முன்பின் அறியாத ஒருவர் அங்கே அடியெடுத்து வைக்கப்போகிறார்.