கட்டி அனுப்புவதும் வேலைதான்

இன்றைய காரில் எஞ்சின், பிரேக், ஏர்பேக் ஒவ்வொன்றுக்கும் தனி மின்னணுப் பெட்டி உண்டு. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரட்டைக் கம்பி முறைக்கு 'கேன்' என்று பெயர். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்தியது. அந்தப் பேச்சைக் கணிப்பொறியில் கேட்க உதவும் 'பைதான்-கேன்' என்ற நிரல் தொகுப்பு இலவசம். அதன் மூல நிரலையும் யாரும் பார்க்கலாம்.

ரயில்வேயில் வரைபட எண்ணோடு திருத்த எண்ணும் சரியாக இருந்தால்தான் உதிரிபாகத்தை ஏற்போம். நிரலின் பதிப்பு எண்ணும் அப்படித்தான். எந்தப் பைதான் வேண்டும், துணைத் தொகுப்புகள் எவை என்று ஒருவர் பொறுப்பாக எழுதிக் கட்டி அனுப்பியதால்தான் 'பிப் இன்ஸ்டால் பைதான்-கேன்' என்ற ஒரே வரியில் நிறுவ முடிகிறது. நிரல் எழுதியவரைப் புகழும் நாம் இவரை நினைப்பதில்லை. இது நியாயமன்று.

டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்து ஊரிலிருந்து இங்கே வேலை தேடி வரும் நம் பிள்ளைகள், நிறுவும்போது வரும் முதல் பிழைச் செய்தியிலேயே 'நமக்கு இது வராது' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. புரியும்படி எழுதிய குறிப்பு இல்லாததில்தான். கணிப்பொறித் துறையில் உள்ள நம் அங்கத்தினர்கள் நிறுவும் முறையைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தரட்டும். பழகுவதற்குக் காரே வேண்டாம். தொகுப்பிலேயே 'வர்ச்சுவல்' என்ற பாவனை இணைப்பு இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: நிஜக் காரில் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தவறான செய்தி அனுப்பினால், ஆபத்து வண்டியில் இருப்பவருக்கு!